பழைய 7 சீட் சொகுசு எஸ்யூவி: எதை வாங்கலாம், எதைப் பார்த்து விலகலாம்?

#1 வெண்ணிலவன்
7 பேர் உட்காரும் பெரிய சொகுசு எஸ்யூவி ஒன்றைப் பழையதாக வாங்கும் எண்ணம். 5 முதல் 8 வயது வரை சரி. குறித்து வைத்தவை: மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் (எக்ஸ்166), பிஎம்டபிள்யூ எக்ஸ்7, ரேஞ்ச் ரோவர் (எல்405), கேடிலாக் எஸ்கலேட், லெக்சஸ் எல்எக்ஸ் 570. புது நடுத்தர எஸ்யூவி ஒன்றின் விலைக்கே இவை கிடைக்கின்றன. ஆசையும் அதனால்தான், சந்தேகமும் அதனால்தான். பெட்ரோலா, டீசலா? மெக்கானிக்கை அழைத்துப் போகும் முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

#2 ஸ்பேனர்13
முதலில் ஒன்றை அடித்துவிடுங்கள். எல்405 ரேஞ்ச் ரோவரில் மூன்றாம் வரிசையே கிடையாது; நீள வீல்பேஸ் மாடலிலும் இல்லை. ரேஞ்ச் ரோவருக்கு 7 சீட் வந்தது அடுத்த தலைமுறையான எல்460இன் நீள மாடலில்தான். அந்தக் குடும்பத்திலேயே வேண்டும் என்றால் டிஸ்கவரி 5ஐப் பாருங்கள்.

அடுத்து கணக்கு. இந்த வண்டிகள் பாதி விலைக்குக் கீழே வந்திருக்கும். உள்ளே இருக்கும் உதிரிபாகத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. ஏர் ஸ்ட்ரட், பிரேக் டிஸ்க், ஹெட்லைட், கன்ட்ரோல் மாட்யூல் எல்லாம் புது வண்டிக்கு என்ன விலையோ அதே விலைதான். சில இடங்களில் பாகம் மலிவு, கூலிதான் ஆளைச் சாய்க்கும். ஜிஎல்எஸ் 350டியில் இருக்கும் ஓஎம்642 டீசலின் ஆயில் கூலர் சீல் நல்ல உதாரணம். சீல் வெறும் ரப்பர் வளையம். கூலர் இருப்பதோ வி வடிவ இன்ஜினின் நடுப்பள்ளத்தில், இன்டேக்குக்கும் டர்போவுக்கும் அடியில். சீல் சூட்டில் கெட்டியாகிக் கசிந்தால் மேலே உள்ள அனைத்தையும் கழற்றித்தான் கையை விட முடியும். ஆயில் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர் “ரியர் மெயின் சீல் (இன்ஜினின் பின்முனைச் சீல்) போலிருக்கிறது” என்று தவறாகச் சொல்வார்.

ஆகவே “எந்த பிராண்ட்” என்பது இரண்டாவது கேள்வி. கண் முன்னே நிற்கும் அந்த ஒரு வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

#3 நிதானம்
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். வாங்கும் விலையில் 15 முதல் 20 விழுக்காட்டைத் தொடாமல் தனியே வையுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வண்டி மட்டும் வாங்க முடிகிறது என்றால் ஒரு படி கீழே உள்ள வண்டிதான் உங்களுக்கு.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை போதாது, பில் வேண்டும். பில்லில்தான் எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கி.மீ.யில் என்று இருக்கும். முத்திரைக்கு மை போதும்.

#4 கறுப்புஆயில்
ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் இருந்து தொடங்குகிறேன். எக்ஸ்7க்கு முன்னும் பின்னும் அது கம்பெனியிலேயே வருகிறது. இந்த வகுப்பில் அதிகம் பணம் போகும் இடமும் அதுதான்.

கெடும் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள். முதலில் காற்றுப்பையின் ரப்பர் மடிப்பில் மயிரிழை விரிசல். காற்று மெல்லக் கசியும். உயரத்தைச் சரிசெய்யக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். அது சில நிமிட வேலைக்கான சிறிய மோட்டார். தொடர்ந்து ஓடினால் சூடேறிப் பிஸ்டன் ரிங் தேயும். கூடவே அதன் டிரையரில் இருக்கும் சிலிக்கா மணிகள் ஈரத்தில் ஊறிப் பயனற்றுப் போகும். பிறகு ஈரக்காற்று, பைகளுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்குள் போய்த் துருவை உண்டாக்கும். கம்ப்ரஸர் நின்றதும் பலர் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை விற்பனைக்கு வைக்கிறார்கள். கசிவு அப்படியே இருப்பதால் புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். “கம்ப்ரஸர் புதுசு சார்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், பை மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயும் உடன் மாற்றியிருக்க வேண்டும். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

சோதனை: சமதளத்தில் 10 முதல் 12 மணி நேரம் நின்ற வண்டி. கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்க வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் கதவு திறந்ததுமே சிஸ்டம் விழித்துக்கொள்ளும். சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை 4 மூலையிலும் டேப் பிடியுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வண்டி தன் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். இரவுக் குளிரில் எல்லா மூலையும் ஒரே அளவில் சில மி.மீ. இறங்கியிருந்தால் கவலை இல்லை. ஒரு மூலை மட்டும் 15, 20 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தப் பையோ அதன் குழாயோ கசிகிறது. ஒரு ஆக்சிலின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கையும் சந்தேகப்படுங்கள்.

லேண்ட் ரோவரில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்திய பிறகும் இடையிடையே தானே விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்றவற்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நான்கும் ஒரே மாதிரி தாழ்ந்து, குற்றவாளி யார் என்றே தெரியாது. சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இரவு நிறுத்தினால்தான் உண்மை வெளிவரும்.

#5 வெண்ணிலவன்
இரவு முழுக்க நிறுத்த விற்பவர் ஒத்துக்கொள்வாரா? ஃபியூஸ் கழற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா?

#6 கறுப்புஆயில்
ஃபியூஸ் வேண்டாம், விடுங்கள். முந்தின நாளே “காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்” என்று சொல்லி வைத்தால் போதும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சைலன்சர் வாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். ஒரே சோதனையில் ஏர் சஸ்பென்ஷன், குளிர் ஸ்டார்ட் இரண்டும் தெரிந்துவிடும்.

காற்றுப்பைக்குப் பதில் காயில் ஸ்பிரிங் போட்டு, எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அணைத்த வண்டிகளும் சந்தையில் உண்டு. உயரம் மாற்றும் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகியும் அசையாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

#7 ஓபிடி ஆசாமி
வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். எல்லோரும் “கோடு (பதிவான பிழைக் குறியீடு) இருக்கிறதா” என்று மட்டும் பார்த்து, இல்லை என்றதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். கோடு அழிப்பது 10 விநாடி வேலை. அழித்த சுவடுதான் முக்கியம்.

மூன்று எண்களைப் பாருங்கள். கோடு அழித்தபின் ஓடிய தூரம், கோடு அழித்தபின் இன்ஜின் எத்தனை முறை சூடேறியது, ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்தனவா. தூரம் 40 கி.மீ., சூடேறியது 2 முறை, மானிட்டர் பாதி முடியவில்லை என்றால் நேற்றுதான் யாரோ துடைத்திருக்கிறார்கள். அண்மையில் பேட்டரி மாற்றினாலும் சில வண்டிகளில் மானிட்டர் அழியும். அதற்குப் பில் காட்டட்டும்.

ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 10 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் எங்கோ காற்று கசிகிறது அல்லது எரிபொருள் குறைவாக வருகிறது.

இதெல்லாம் இன்ஜின் பக்கம் மட்டும். ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் மாட்யூல்களை அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர்தான் முழுதாகப் படிக்கும். அதைச் செய்யும்போது மாட்யூல்களில் பதிந்துள்ள கி.மீ.யையும் கேட்டு வாங்குங்கள். மீட்டரில் 70,000, கியர்பாக்ஸ் மாட்யூலின் பழைய கோடு ஒன்றில் 1,10,000 என்று இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது.

#8 ஸ்பேனர்13
இன்ஜின் வாரியாக, நின்று கவனிக்க வேண்டியவை.

மெர்சிடிஸ் எம்278 (4.7 லிட்டர் ட்வின் டர்போ வி8): குளிர் ஸ்டார்ட்டில் முதல் சில விநாடி சங்கிலிச் சத்தம். நின்ற இன்ஜினில் டென்ஷனருக்குப் போகும் ஆயில் வடிந்துவிடுவதால் வருவது. அதைவிடப் பெரியது சிலிண்டர் சுவரில் கீறல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்காமல் இந்த இன்ஜினை வாங்காதீர்கள். அரை நாள் கூலிதான்; மாற்று இன்ஜின் விலையோடு ஒப்பிடுங்கள்.

எஸ்கலேட் 6.2 வி8: சுமை குறைவாக இருக்கும்போது பாதி சிலிண்டர்களை உறங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கான லிஃப்டர் (வால்வைத் தூக்கும் பாகம்) சிக்கிக்கொண்டால் ஒரு சிலிண்டரில் டிக் டிக் சத்தம், மிஸ்ஃபயர், கடைசியில் கேம்ஷாஃப்டும் போகும். 2021 முதல் 2024 வரையிலான மாடல்களின் 6.2 இன்ஜினுக்குக் கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2025இல் ரீகால் அறிவித்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று பாருங்கள். 2018க்கு முந்தைய 8 வேக கியர்பாக்ஸில் 50 முதல் 80 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டும்போது கரடுமுரடான சாலையில் போவது போல நடுக்கம் வரலாம். அது இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். திருத்தப்பட்ட புது ஆயிலை முழுதாக மாற்றினால் பல வண்டிகளில் சரியாகிறது.

டிஸ்கவரி 5இன் 3.0 டீசல்: கிராங்க் பேரிங் தேய்ந்து கிராங்க்ஷாஃப்டே உடைவது ஊரறிந்தது. முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அறிகுறி அதிகம் இல்லை. ஆயில் மாற்றிய இடைவெளி குறுகியதாக இருந்த வண்டியைத் தேடுவதுதான் ஒரே காப்பு.

எக்ஸ்7: 6 சிலிண்டர் பெட்ரோலான பி58 இந்தக் கூட்டத்தில் நல்ல பிள்ளை. வி8 வேகம், ஆனால் டர்போ இரண்டும் வி பள்ளத்துக்குள் இருப்பதால் சுற்றியுள்ள சீல், ஹோஸ், ஒயர் எல்லாம் சூட்டிலேயே வாழ்கின்றன.

#9 நிதானம்
எக்ஸ்7இல் உள்ள இசட்எஃப் 8 வேக கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வரி. “லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்” என்று சொல்லி விற்பார்கள். செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் பானோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடையாது. ஒரு லட்சம் கி.மீ. தாண்டியும் மாற்றாத வண்டி என்றால் அதன் செலவை விலையில் கழியுங்கள்.

டீசல் கேள்விக்கு: தினமும் 5, 6 கி.மீ. பள்ளிக்கூடம், கடை என்று மட்டும் ஓடினால் டீசல் வேண்டாம். சைலன்சருக்கு முன்னிருக்கும் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேர்ந்த கரியை எரிக்கப் போதிய சூடு கிடைக்காது. எரிக்க முயன்று பாதியில் நின்றால் கூடுதல் டீசல் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதுதான் காரணம். கரி எரியும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. அது சேர்ந்துகொண்டே போகும். ஸ்கேனரில் சாம்பல் அளவு தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நிறைய ஓடுபவருக்கு டீசலை அடிக்க ஆளில்லை.

#10 மூன்றாம்வரிசை
எல்லோரும் பானெட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள். குடும்ப வண்டி ஐயா, பின்னாலும் வாருங்கள்.

வீட்டில் உயரமானவரை மூன்றாம் வரிசையில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். ஷோரூமில் 2 நிமிடம் எல்லோருக்கும் இடம் இருக்கும். 2020 வரையிலான எஸ்கலேட் வெளியே பிரம்மாண்டம். பின்னால் திட ஆக்சில் என்பதால் தளம் உயர்ந்து, முட்டி நெஞ்சுக்கு வரும். 2021இல் தனித்தனி சஸ்பென்ஷன் வந்த பிறகுதான் தளம் தாழ்ந்தது. எல்எக்ஸ் 570இன் மூன்றாம் வரிசை தரையில் மடங்காது, இரண்டு பக்கமும் சுவரோடு சாய்ந்து நிற்கும். டிக்கி அகலத்தை அது தின்றுவிடும். ஜிஎல்எஸ், எக்ஸ்7 இரண்டிலும் தட்டையாக மடங்கும், பெரியவர்களும் உட்காரலாம். ஆனால் எக்ஸ்7இல் 7 பேரும் ஏறிய பிறகு டிக்கியில் மிச்சம் 326 லிட்டர்தான். ஒரு சிறிய ஹேட்ச்பேக் டிக்கிக்குச் சமம். 7 பேர், 7 பெட்டி என்று நினைத்தால் எஸ்கலேட் இஎஸ்வி போன்ற நீள உடல்தான்; 2015 முதல் 2020 வரையிலானது சாதாரண எஸ்கலேடைவிட அரை மீட்டர் நீளம்.

குழந்தை சீட்டை நேரில் எடுத்துப் போய் மாட்டுங்கள். அதை மாட்டிய நிலையில் இரண்டாம் வரிசை சாய்ந்து வழி விடுகிறதா? விடாவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் போகும் பாதை அடைந்துபோகும். சீட் மடக்கும் மோட்டார் ஒவ்வொன்றையும் முழுதாக ஒரு தடவை ஓட்டுங்கள். பின் ஏசியைத் தனியாகச் சோதியுங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் வெறும் காற்று வந்தால் பின்பக்க வால்வு அல்லது குழாய்க் கசிவு. அந்தக் குழாய் வண்டிக்கு அடியிலேயே நீளமாக ஓடுகிறது.

#11 ஸ்பேனர்13
எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 7 பேர், தலைக்கு 70 கிலோ என்றாலே 490. பெட்டிகள் 100. மேலே ரூஃப் பாக்ஸ் வைத்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான். கதவுத் தூணில் உள்ள தகட்டில் மொத்த அனுமதி எடை இருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். ஐரோப்பிய ஏடுகளில் “வெற்று எடை” என்பதற்குள் 75 கிலோ ஓட்டுநர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார், அமெரிக்கக் கணக்கில் இருக்க மாட்டார். இரண்டையும் கலந்தால் ஒரு ஆள் எடை பிசகும்.

#12 கறுப்புஆயில்
டயரும் அதே கதைதான். 275/50 ஆர்20 அளவில் சுமை எண் 113 என்று இருந்தால் ஒரு டயர் 1,150 கிலோ தாங்கும். விற்பதற்காக மலிவாக, குறைந்த சுமை எண்ணில் மாட்டியிருந்தால் அந்த நான்கையும் மாற்றும் செலவு உங்கள் தலையில். பக்கவாட்டில் கடைசி 4 இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கும் ஒரே பிராண்டா, பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். முன்னும் பின்னும் 2, 3 மி.மீ. வேறுபட்ட டயர்களோடு ஓடிய நால்சக்கர இயக்க வண்டியில், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் அந்த வேறுபாட்டை விழுங்கிக்கொண்டே தேயும். எக்ஸ்7இல் 22 இன்ச் வீல் இருந்தால் டயர் அகலம் முன்னால் 275, பின்னால் 315 மி.மீ. முன்பின் மாற்றிப் போட முடியாது.

#13 சாவிக்கொத்து
தண்ணீர்: பனோரமிக் சன்ரூஃப் இருந்தால் திறந்து, மூலையில் உள்ள வடிகால் ஓட்டையில் அரை டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடியில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் குழாய் அடைப்பு. அடுத்த மழையில் அது கூரைத்துணி வழியாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும், அங்கே ஒயர் இணைப்புகள் இருக்கின்றன. ஸ்டெப்னிப் பள்ளம், சீட் தண்டவாளம், கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் சேற்றுக் கோடு தெரியும். புதுக் கார்ப்பெட் வாசனை 7 வயது வண்டியில் வரக்கூடாது.

பெயின்ட் கேஜ்: கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 160 மைக்ரான். 250க்கு மேல் மறுபெயின்ட், 1,000 தாண்டினால் அடியில் பட்டி. சில வண்டிகளில் உடலே அலுமினியம் என்பதால் காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய வித்தை பலிக்காது. இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் கேஜ் வேண்டும். அலுமினியத்தில் டிங்கரிங் தெரிந்த கைகளும் குறைவு.

#14 பெட்ரோல் பிரியன்
இவ்வளவு எழுதுவதற்கு எல்எக்ஸ் 570 வாங்கிவிட்டுப் போகலாமே. 5.7 வி8, டர்போ இல்லை, சஸ்பென்ஷனில் காற்றுப்பை இல்லை. எதுவும் கெடாது.

#15 ஸ்பேனர்13
கெடாது என்பது பெரிய வார்த்தை. அதில் காற்றுக்குப் பதில் எண்ணெயில் இயங்கும் உயர சஸ்பென்ஷன் இருக்கிறது. அதன் அழுத்தக் குண்டுகள் வயதாகும்போது வண்டி மரக்கட்டை போலத் துள்ளும். வாட்டர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால் கூலன்ட் கசிகிறது. இன்ஜின் மேல்பக்கம் கேம் டவர் இணைப்பில் ஆயில் வியர்ப்பதும் உண்டு. இவை எல்லாமே மெதுவாக வருபவை, வழியில் நிறுத்திவிடாது என்பது உண்மை. அதற்குத்தான் சந்தை கூடுதல் விலை கேட்கிறது. அதே பணத்தில் இரண்டு, மூன்று வயது குறைந்த ஜிஎல்எஸ் கிடைக்கும். எரிபொருளோ லிட்டருக்கு 6 கி.மீ. ஒட்டித்தான். நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு எல்எக்ஸ், மூன்றாம் வரிசையில் பெரியவர்களை ஏற்றுபவருக்கு ஜிஎல்எஸ் அல்லது எக்ஸ்7. என் ஓட்டு பி58 போட்ட எக்ஸ்7க்கு.

#16 வெண்ணிலவன்
டெஸ்ட் டிரைவை எந்த வரிசையில் செய்வது? குறை ஏதாவது தெரிந்தால் விலை பேசுவது எப்படி?

#17 கறுப்புஆயில்
முதலில் உயரம் அளங்கள், பிறகு கதவு. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையோ மாட்யூலையோ யாரோ தொட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து, ரேடியோ அணைத்து, 2 நிமிடம் சத்தம் மட்டும் கேளுங்கள்.

காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள், இரண்டு பக்கமும். இழுத்துப் பிடித்தால், டக் டக் என்று அடித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது ஆக்சில் ஜாயின்ட். பிறகு 60 முதல் 80இல் லேசான மிதிப்பில் சில கி.மீ. நிலையாக. நடுங்கினால் மேலே சொன்ன கன்வர்ட்டர். 100இல் இருந்து பிரேக். ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க். இரண்டரை டன் வண்டியில் டிஸ்க் சீக்கிரம் தேயும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் காலிப்பர் வைத்து அளங்கள். மொத்தம் 40 நிமிடமாவது ஓட்டுங்கள். சூடான பிறகு கியர் மாற்றம் காலையில் இருந்ததைவிட மோசமானால் கியர்பாக்ஸுக்குத் தனி சோதனை.

திரும்பி வந்ததும் இன்ஜினை அணைக்காமல் 10 நிமிடம் ஏசியோடு நிறுத்துங்கள். அடியில் சொட்டுவது தண்ணீரா, ஆயிலா, கூலன்ட்டா என்று அட்டை விரித்துப் பாருங்கள்.

#18 நிதானம்
விலை பேச வாயை விட எஸ்டிமேட் நன்றாகப் பேசும். சோதித்த மெக்கானிக்கிடம் பாகம் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி ஆகியவை தேய்மானக் கணக்கு. அதை முழுதாகக் கழிக்கக் கேட்கலாம். சிலிண்டர் கீறல், வெள்ளம், மீட்டரில் குறைத்த கி.மீ. மூன்றுக்கும் தள்ளுபடி கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். “நானே சரிசெய்து தருகிறேன்” என்று விற்பவர் சொன்னால் பணம் கொடுக்கும் முன் செய்யட்டும், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வண்டி மேல் கடன் நிலுவை இல்லை என்ற கடிதமும், இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகே முழுத்தொகை. இரண்டாவது சாவி “வீட்டில் இருக்கிறது” என்றால் அதை எடுத்து வரும் வரை உட்கார்ந்திருங்கள்.

#19 வெண்ணிலவன்
இந்த வாரக் கடைசியில் ஒரு எக்ஸ்7, பெட்ரோல் 6 சிலிண்டர், 82,000 கி.மீ. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இல்லை. டேப், டார்ச், ஓபிடி அடாப்டர், அட்டை, குழந்தை சீட் எடுத்துக்கொண்டேன். வேறு?

#20 கறுப்புஆயில்
அரை டம்ளர் தண்ணீர். எக்ஸ்7க்குக் கண்ணாடிக் கூரை.